மூன்று ஃபேன்கள்

கம்ப்யூட்டர் மெக்கானிக் சலபதி, சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

உள்ளே பிராசஸர் மேலிருந்த சின்ன ஃபேன் மட்டும் சுழன்றது. சூட்டை வெளியே தள்ள வேண்டிய மற்ற மூன்றும், முன்னால் இரண்டு பின்னால் ஒன்று, அசையாமல் நின்றன.

"பேச்சு நல்லா சூடு பிடிக்கிறப்பதான் அணைஞ்சு போகுது, பாபு," என்றார் சுப்பாராயுடு. குண்டூர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மகன் கௌதம் டல்லாஸில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திரையில் வருவான். அம்மா ராஜ்யலட்சுமிக்குக் கண்ணில் கோளாறு; போனில் முகம் தெரியாது, கம்ப்யூட்டரில்தான் தெரியும்.

பேத்தி என்ன சாப்பிட்டாள், அங்கே குளிரா என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை கம்ப்யூட்டர் ஓடும். "எப்பப்பா வர்றே?" என்ற கேள்விக்கு ராஜ்யலட்சுமி வந்து சேரும் நேரம் திரை கறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் போனில் செய்தி வரும்: மறுபடி சூடாயிடுச்சா? சரிம்மா, அடுத்த வாரம் பேசலாம்.

சலபதி ஒரு ஃபேனின் இறக்கையை விரலால் தள்ளினான். தடையில்லாமல் சுற்றி நின்றது. பையிலிருந்து புது ஃபேன் ஒன்றை எடுத்து போர்டில் செருகினான். உடனே சுழன்றது.

"கரண்ட் வருது சார். ஃபேனும் நல்லாத்தான் இருக்கு. வயரை எலி கடிச்சிருக்கும்."

"இந்த வீட்ல இருக்கிற ஒரே எலி நான்தான்."

"ஆமா, சட்னிக் கிண்ணத்தை உருட்டுற எலி!" சமையலறையில் பெசரட்டு தோசை வார்த்துக்கொண்டிருந்த ராஜ்யலட்சுமி குரல் கொடுத்தாள்.

சலபதி சிரித்தபடி ஸ்விட்சை அணைத்து, மறுபக்கத் தகட்டையும் கழற்றினான்.

வயர்கள் அங்கே இருந்தன. கடிபடவில்லை, அறுபடவில்லை. மூன்றும் போர்டிலிருந்து பிடுங்கப்பட்டு, முனைகளில் கறுப்பு டேப் சுற்றி, ஒன்றாகச் சேர்த்து பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கப்பட்டிருந்தன. பட்டையின் மிச்சத்தைக்கூட யாரோ ஒட்ட நறுக்கியிருந்தார்கள்.

"இதைக் கடைசியா யாரு சார் திறந்தாங்க?"

"சங்கராந்திக்கு வந்தப்ப கௌதம்தான். தூசி தட்டுறேன்னு ஒரு பகல் முழுக்க உக்காந்திருந்தான். வேற யாரும் கை வைக்கல."

சலபதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். "தட்டிட்டுத் திரும்பச் செருக மறந்திருப்பார் சார். சகஜம்தான்."

சுப்பாராயுடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்தவன் டேப் சுத்த மாட்டான் பாபு."

சலபதி கட்டரை எடுத்தான். பட்டையை வெட்டி, டேப்பை உரித்து, மூன்றையும் செருகி, ஸ்விட்சைப் போட்டான். மூன்றும் ஒன்றாகச் சுழன்றன. பின்பக்கம் கை வைத்தால் காற்று வந்தது. இனி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓடும்.

சுப்பாராயுடுவும் கை வைத்துப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எடுத்துடு."

"சார்?"

"எப்படி இருந்துச்சோ, அப்படியே கட்டிடு."

சலபதி அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். டேப்பை அவன் கையிலிருந்து வாங்கி சுப்பாராயுடுவே சுற்றினார். காலமெல்லாம் மின்கம்பங்களில் பழகிய விரல்கள். மகன் சுற்றியதைவிட இறுக்கமாகச் சுற்றின.

தகடுகளைத் திருகி முடிக்கும்போது ராஜ்யலட்சுமி தட்டோடு வந்தாள்.

"ஆச்சா?"

"பழைய மெஷின். இதுக்கு இப்ப பார்ட் வர்றதில்லையாம்." சுப்பாராயுடு முந்திக்கொண்டார்.

அவள் தட்டை சலபதியிடம் கொடுத்துவிட்டு, சிபியுவின் தலையில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"பாழாப்போன முண்டம்! புள்ள அங்க ஆசையா வந்து உக்கார்றான். அவனை ரெண்டு வார்த்தை பேச விடுதா இது?"

"விட மாட்டேங்குது," என்றார் சுப்பாராயுடு.