சுங்கக் கதவு

கார்ன்வாலின் தகரச் சுரங்கத்திலிருந்து விரைந்து வந்த வண்டியைச் சுங்கக் கதவு மறித்தது. பாறை சரிந்து அடிபட்ட கணவனின் தலையை மடியில் தாங்கியபடி லவ்டே உட்கார்ந்திருந்தாள்.

“கதவத் தொற, கெசையா! டாக்டர்கிட்டப் போகணும்” என்று கத்தினான் வண்டிக்காரன் ஜேபஸ்.

சுங்கக்காரி கெசையா நிதானமாக வந்தாள். போர்வைக்கு வெளியே தொங்கிய அடிபட்டவனின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள்.

“சுங்கம் மூணு பென்னி எடு.”

“மனுஷியா நீ? மயங்கிக் கெடக்கறாரு!” லவ்டே சீறினாள். “போன வாரம் சவ வண்டிக்குச் சும்மா தொறந்து விட்டியே!”

“சவத்துக்குச் சுங்கம் கெடையாது. உசுரோட போறவங்க குடுத்துத்தான் ஆகணும்.”

“இந்தா, பொறுக்கிக்கோ! நீ உருப்படவே மாட்ட!”

சேற்றில் விழுந்த காசுகளைக் கெசையா குனிந்து பொறுக்கினாள். கதவைத் தள்ள இறங்கி வந்த ஜேபஸ் பல்லைக் கடித்தான்.

“அடிபட்டவன்கிட்டப் பிடுங்கித்தான் திங்கணுமா?”

“மெதுவாப் பேசுடா. நாடி இல்ல. கை ஜில்லிட்டுப் போச்சு.”

ஜேபஸ் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

“சும்மா தொறந்து விட்டிருந்தா, இந்த நடுரோட்டுலயே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். வாயும் வயிறுமா இருக்கறவ. முதல்ல அவ அக்கா வீட்டு வாசல்ல நிறுத்து.”

பிறகு, லவ்டேவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“காசு வாங்கியாச்சுல்ல? சீக்கிரம் ஓட்டு. டாக்டர் வெளிய கிளம்பிடப் போறாரு!”