வாசலில் ஒருவர்

"வந்து உட்கார்ந்தாச்சு பாருங்க டீச்சர், நம்ம வாசப்படி!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொன்னாள், கணக்குச் சொல்லிக்கொடுக்க வரும் கல்லூரிப் பெண். அந்த மனிதருக்கு 'வாசப்படி' என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

டீச்சருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இதே கூத்து. காலையில் மணியடிக்கும் முன்பே வந்து வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார் அந்த மனிதர். சாயங்காலம் கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை அசையமாட்டார். நடுவில் சுவரில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் வேறு. எந்தப் பிள்ளையின் அப்பாவோ!

போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக டீச்சர் ஆரம்பித்த பள்ளி அது. அச்சகத்துக்குப் பின்னால் இரண்டே அறை. கரும்பலகை முதல் கடைசி பெஞ்சு வரை, யார் யார் வீட்டு வாசலிலோ நின்று கேட்டு வாங்கியது. நாளைக்கு ஓர் அறக்கட்டளையிலிருந்து பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியாகிவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை.

டீச்சர் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். அவருடைய மகளும் இங்கேதான் படிக்கிறாள். இரண்டு மொழியும் தெரிந்தவர் என்பதால் பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவில் அவர்தான் பாலம்.

"நாளையிலேருந்து இங்க உட்காரக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லுங்கம்மா."

"டீச்சர், அது வந்து..."

"நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. இவங்க பிள்ளைங்க படிக்கணும்னு நான் ஊரெல்லாம் கையேந்தறேன். இவருக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு? ஏதாவது வேலைக்குப் போகலாமே! நாளைக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

தையல்காரம்மா தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். அந்த மனிதரின் முகம் சுண்டிப்போனது. எழுந்தார். காற்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒருமுறை வகுப்பறைப் பக்கம் பார்த்தார். போய்விட்டார்.

'அப்பாடா' என்றிருந்தது டீச்சருக்கு.

மறுநாள் காலை. அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள்.

வகுப்பில் நாலே நாலு பிள்ளைகள்.

டீச்சர் "இதோ வந்துடறேன், உட்காருங்க" என்று அவர்களிடம் சமாளித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். முனையில் தாய்மார்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஞ்சுக் கை, இறுக்கமாக.

"என்னம்மா இது? இன்னிக்குப் பார்த்து இப்படிப் பண்றீங்களே!"

தையல்காரம்மாதான் பேசினார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். வாசல்ல அவர் இல்லாம, பிள்ளைங்களை விட்டுட்டுப் போக இவங்களுக்கு மனசு வரல."

"அவர் உட்கார்ந்திருந்தா என்ன, உட்காராட்டி என்ன?"

"ஏதாவது ஒண்ணுன்னா ஓடிப் போய்ப் பிள்ளைங்களைத் தூக்க வாசல்ல ஓர் ஆள் இருக்காரேன்னு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துலதான் எங்களுக்கு வேலையில கை ஓடும்."

"இங்க என்னம்மா ஆகப்போகுது?"

"அங்கயும் நாங்க அப்படித்தான் நினைச்சோம் டீச்சர்."

டீச்சர் மெல்ல, "அவர் வீடு எங்கே?" என்றார்.

இரண்டு தெரு தள்ளி, ஐந்து பேர் பங்குபோட்டுக்கொண்ட அறை. வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் குந்தியிருந்தார் அவர். சட்டை முழுக்கச் சாக்குத் தூசி.

"ராத்திரியெல்லாம் மார்க்கெட்ல மூட்டை இறக்கறார். விடிஞ்சதும் நேரா நம்ம வாசலுக்குத்தான் வருவார்" என்றார் தையல்காரம்மா, தரையைப் பார்த்தபடி.

டீச்சரால் "வாங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்தவர், இவர்களுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவர் படியில் உட்கார்ந்ததுதான் தாமதம், பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே ஓடி வந்தார்கள். இரண்டு அறையும் நிரம்பி வழிந்தது. பாடம் நடந்தது. வந்தவர்கள் நோட்டுகளைப் புரட்டினார்கள், பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார்கள், சிரித்தார்கள். "நல்ல பதிலா எதிர்பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

வாசலில் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார் அந்த மனிதர்.

"இவர் யாரு, வாட்ச்மேனா?" என்று கேட்டார் வந்தவர்களில் பெரியவர்.

"இல்லீங்க. நம்ம பெற்றோர்ல ஒருத்தர்." இந்தத் தடவை டீச்சர் பெருமையாகவே சொன்னார். "பிள்ளைங்க மேல உசிரு." பிறகு தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "இவரோட பிள்ளை எந்த வகுப்பு? இத்தனை நாளா நான் விசாரிக்கவே இல்ல பாருங்க."

தையல்காரம்மா வகுப்பறையைப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க அவருக்கு யாரும் இல்ல டீச்சர். அங்க எங்க பள்ளிக்கூடத்து மேல குண்டு விழுந்தப்போ அவரோட ரெண்டு பொண்ணுங்களும் உள்ள இருந்தாங்க. அவர் வேலைக்குப் போயிருந்தார்."