பத்தாவது அட்டை

ஏழாவது அட்டையைத் தூக்கிக் காட்டினாள் பிரிசில்லா.

“வாஸ்” என்றாள் உமைமா.

சரி.

இந்த ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடாது. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்ததும் பேர் சொல்வதுபோலச் சொல்லிவிட வேண்டும். இன்று பத்து அட்டைகளையும் சொன்னால்தான் உமைமா ஒன்றாம் வகுப்பில் இருப்பாள். இல்லையென்றால் திங்கள் முதல் மறுபடியும் யூகேஜி. தலைமையாசிரியை முடிவாகச் சொல்லிவிட்டார்.

“மிஸ், அவ வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு வந்துகீறா” என்று கேலி பேசிவிட்டு, கூடப் படிக்கும் நிஷாவும் வீட்டுக்கு ஓடியிருந்தாள். வகுப்பில் இவர்கள் இருவர்தான்.

ஏறக்குறைய நான்கு மாதமாக இப்படித்தான். மணி அடித்த பிறகு அரை மணி நேரம்.

நான்கு மாதத்துக்கு முன்பு, தோல் பதனிடும் டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் முதலில் விழுந்தது ஆல்வின், பிரிசில்லாவின் கணவன். தூக்கிவிட இறங்கியவர் ஆபித் பாஷா, உமைமாவின் அப்பா. இருவரும் ஏறி வரவில்லை.

அன்று ஆபித் பாஷாவுக்கு லீவு. லீவு நாளில் அங்கே ஏன் போனார் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்றார்கள்.

பிரிசில்லா பதினேழாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். உமைமாவின் அம்மா அம்பரீன், கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. தாய்மாமன் சர்தார் பாஷாதான் பிள்ளையைக் கூட்டிப் போக வருவார்.

பிரிசில்லாவும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். நேற்றோடு முடிந்தது.

எட்டு. ஒன்பது.

பத்தாவது அட்டைக்கு உமைமா வாய் திறக்கவில்லை. பிரிசில்லா ஒரு நிமிடம் அதைப் பிடித்திருந்தாள். கை வலிக்கும்வரை இன்னொரு நிமிடம்.

பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். தாளில் பத்து என்று எழுதினாள்.

வகுப்பு வாசலில் அம்பரீன் வந்து நின்றிருந்தாள்.

“பத்தும் சொல்லிட்டா” என்றாள் பிரிசில்லா.

“ஒம்போது” என்றாள் உமைமா.

அம்பரீன் உள்ளே வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“ஒம்போதுன்னே போடுங்க மிஸ். எங்களுக்கு நீங்க எதுவும் சேத்துக் குடுக்க வேணாம். அவரு போன்ல கடைசியா வந்த கால் உங்களுது. அன்னைக்கே பாத்துட்டேன். யாராண்டையும் சொல்லல.”

அண்ணா, ஆல்வின் போன் எடுக்க மாட்டேன்றாரு, கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வாங்க. அன்று பிரிசில்லா சொன்னது அவ்வளவுதான்.

அம்பரீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

பிரிசில்லா பத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினாள்.