அடுத்த பெட்டி

சிங்கப்பூரின் லவெண்டர் நிலையத்தில் ரயில் கதவு திறந்தது. கவிப்ரியா இறங்கவில்லை.

அடுத்த பெட்டியில் நின்ற அவள் அம்மா சரசு, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். முருகா, இன்னும் ஒரே ஒரு நிலையம்.

கவிப்ரியாவுக்குப் பதினைந்து வயது. சிறப்புப் பள்ளியில் படிக்கிறாள். கூட்டத்தைக் கண்டால் உடம்பு விறைத்துவிடும். மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். அதனால் அவள் கையில் கைபேசி கொடுப்பதில்லை. எதையாவது கேட்டால் பதில் வர நேரமாகும். சில நாள் வராமலே போகும்.

பதினோரு வெள்ளிக்கிழமை அமலா டீச்சர் அவளைக் கூடவே கூட்டிப் போய்ப் பழக்கியிருந்தார். பாசிர் ரிஸ்ஸில் ஏற வேண்டும். பூகிஸில் இறங்கி நீல வழித்தடத்துக்கு மாற வேண்டும். லிட்டில் இந்தியாவில் வெளியே வர வேண்டும். வகுப்பில் உட்கார வைத்து இதைக் கற்றுத் தர முடியாதும்மா என்பார் டீச்சர்.

இன்று பன்னிரண்டாவது வெள்ளி. கூட யாரும் இல்லை. டீச்சர் லிட்டில் இந்தியா நிலைய வாசலில் காத்திருக்கிறார். தனியாக வந்து சேர்ந்துவிட்டால், ஜனவரி முதல் அங்கேயே தேக்கா சந்தைப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலைப் பயிற்சி. சேராவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பெற்றோர் பின்னால் வரவே கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வரமாட்டேன் என்று சரசு வாக்குக் கொடுத்தாள், காலையில் சாமி விளக்கை ஏற்றிய கையோடு. அந்த வாக்கு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

பூகிஸ் வந்தது.

கவிப்ரியா இறங்கினாள். சரசு வாசலுக்கு நகர்வதற்குள் பெரிய பெரிய சூட்கேஸ்களோடு ஒரு சுற்றுலாக் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. வழி கேட்டு வாய் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியே மகளின் நீலப் பை ஒரு நொடி தெரிந்தது. பிறகு சுரங்க இருட்டு.

சிட்டி ஹாலில் குதிக்காத குறையாக இறங்கினாள். எதிரே ஒரு ரயில் திறந்தபடி நின்றது. அவள் வீட்டுப் பக்கத்து நிலையங்களில் எதிர்ப்பக்கம் நிற்பதில் ஏறினால் திரும்பிப் போய்விடலாம். பஸ்ஸிலும் கணவரின் காரிலுமே நகரத்துக்கு வந்து பழகியவள் வேறு என்ன நினைப்பாள்? ஓடிப்போய் ஏறினாள்.

அடுத்த நிலையம் ராஃபிள்ஸ் பிளேஸ் என்று ரயில் சொன்னது. பூகிஸை விட்டு இன்னும் விலகித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அங்கே இறங்கி, வீட்டில் இருப்பவளைப் போல குரலைச் சரிப்படுத்திக்கொண்டு டீச்சரை அழைத்தாள். கவி இன்னும் வரவில்லை, பயப்படாதீங்க என்றார் அமலா டீச்சர். ஆனால் இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். அந்தக் குரலில் வழக்கமான திடம் இல்லை.

யாராவது இடித்திருப்பார்களோ. வேறு ரயிலில் ஏறிவிட்டாளோ. காதைப் பொத்திக்கொண்டு எங்காவது மூலையில் குந்திவிட்டாளோ.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, யாக்கூப் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நிலைய ஊழியர் வந்து விசாரித்தார். பூகிஸ் போக எதிரே வருவதில்தான் ஏற வேண்டும் என்றார். எதிரே வரும் எதன்மேலும் சரசுவுக்கு நம்பிக்கை போயிருந்தது. அவள் தயங்கியதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. ரயில் வரும்வரை பக்கத்திலேயே நின்று, அவளை ஏற்றிவிட்டு, கதவு மூடிய பிறகுதான் திரும்பினார். அந்த மனிதரின் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று சரசு நினைத்துக்கொண்டாள்.

மறுபடி பூகிஸ்.

நடைமேடையில் கூட்டம் வடிந்திருந்தது. நீலப் பை கண்ணில் பட்டது.

கவிப்ரியா இரண்டு கைகளாலும் பை வாரை இறுகப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஓடிப்போய் அவளைத் தொடப் போனபோதுதான் சரசு அதைக் கவனித்தாள். மகள் நின்றது, தான் இறங்கிய கதவுக்கு எதிரே இல்லை. அதற்கு அடுத்த பெட்டியின் கதவுக்கு எதிரே.

கவிப்ரியா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் இங்கேயே நிற்கிறாய் என்று சரசு கேட்டதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

“அம்மா இறங்கல. அதான் நிக்கிறேன்.”

சரசு அங்கேயே டீச்சரை அழைத்தாள். இந்த முறை குரலைச் சரிப்படுத்தவில்லை.

“அவ தொலையல லா, டீச்சர். நாந்தான் தொலைஞ்சேன்.”

நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லி முடித்தாள்.  அங்கிருந்து அவளே வரட்டும், நான் வாசலிலேயே நிற்கிறேன் என்றார் டீச்சர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

படியில் கவிப்ரியா முன்னே போனாள். சரசு பின்னே போனாள். நீல வழித்தடத்து நடைமேடையில் ரயில் வந்து நின்றது.

கவிப்ரியா அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஒரு கதவுக்கு நேராக நிறுத்தினாள். பிறகு அடுத்த பெட்டியின் கதவைக் காட்டினாள்.

“அம்மா இங்க. நான் அங்க.”

போய் நின்றாள். ஆனால் ஏறவில்லை. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரசு உள்ளே கால் வைத்த பிறகுதான் அவள் ஏறினாள்.