ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

“ரீசெட்டா? விளையாடறீங்களா? இருக்கற கொஞ்சநஞ்சமும் அழிஞ்சு போயிடும்!”

மேலாளர் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. அவர் இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்து நாற்காலிகூட இன்னும் பழகவில்லை. அதற்குள் தலையில் இடி. காலையில் தலைமை அலுவலகம் அனுப்பிய கோளாறான மென்பொருள் அப்டேட் ஒன்று, நகரத்தில் அவர்கள் இணையம் கொடுத்திருந்த அத்தனை வீடுகளிலும் கடைகளிலும் ரவுட்டர் பெட்டியை முடக்கிப் போட்டுவிட்டது. சுவரை அடைத்த திரையில், வாடிக்கையாளருக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான புள்ளிகள். எல்லாமே சிவப்பு. ஒரு போன் ஓய்ந்தால் நாலு போன் அடித்தது.

“அழியட்டும் சார். அழிஞ்சாத்தான் அந்தப் பாழாப்போன அப்டேட்டும் சேர்ந்து போகும்” என்றாள் கணினி முன்னால் இருந்தவள். அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்கிரிப்ட் அக்கா’ என்று பெயர். ஒரு வேலையை இரண்டாவது தடவை கையால் செய்யச் சொன்னால் கோபம் வந்துவிடும். உடனே அதைத் தானாகவே செய்து முடிக்கும் சின்ன நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுவாள்.

“அழிச்சுட்டு? அவங்கவங்க வைஃபை பேரு, பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம்?”

“ஒவ்வொரு பெட்டிக்கும் பேக்கப் இருக்கு. திருப்பிப் போட்டுடலாம்.”

“யாரு, நீங்களும் நானுமா? வீடு வீடா ஏறி இறங்கினா அடுத்த மழைக்காலம் வந்துடும்!”

“ஸ்கிரிப்ட் போடும் சார். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“இதுக்கு முன்னால ஊர் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து மறுபடியும் லைன்ல இருக்காங்க” என்று மூலையிலிருந்து யாரோ கத்தினார்கள். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு, “ஓட்டுங்க” என்றார்.

அவள் ஒரு விசையைத் தட்டினாள்.

சிவப்புப் புள்ளிகள் மொத்தமும் சாம்பல் நிறமாகிச் செத்துப் போயின. வேலை போனது என்று மேலாளர் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி பச்சையாக விழித்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு தெரு. ஒரு பேட்டை. ஆஸ்பத்திரி வந்தது, பள்ளிக்கூடங்கள் வந்தன. ஈர மண்ணில் புல் முளைப்பதை யாரோ வேகமாகப் படம் ஓட்டிக் காட்டுவதுபோலத் திரை முழுக்கப் பச்சை பரவியது. எத்தனை ஆயிரம் பெட்டிகள்! ஒவ்வொன்றும் தன் பெயர் மறந்து, உடனே அதை நினைவுக்குக் கொண்டுவந்து எழுந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியின் பெயர்கூட இன்னொன்றுக்கு மாறவில்லை.

போன்கள் யாரும் எடுக்காமலேயே ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. மேலாளர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

“அம்மாடி!” என்றார்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு புள்ளி மறுபடி சிவந்தது.

“இப்பத்தானே பச்சையாச்சு? என்ன ஆச்சு அதுக்கு?”

“கையால ரீசெட் ஆகியிருக்கு சார். பெட்டிக்குப் பின்னால துளைக்குள்ள ஊசியை விட்டு அழுத்தினா இப்படி ஆகும். இனி ஸ்கிரிப்ட் அங்க எட்டாது. வீட்டுல இருக்கறவங்கதான் இணைப்பு எண்ணை அடிக்கணும்.”

“ஆளை அனுப்பிடுங்க.”

“வேண்டாம் சார், நானே பேசறேன்.”

இதையும் எப்படிச் செய்கிறாள் பார்ப்போம் என்று மேலாளர் ஆவலோடு இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

“யாருங்க?” என்றது ஒரு முதியவரின் கரகரத்த குரல்.

“இன்டர்நெட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன் ஐயா. உங்க பெட்டியில விளக்கு எரியுதா?”

“அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? பெட்டி பாட்டுக்கு நின்னு போச்சு.”

“பரவாயில்லைங்க. நான் ஒவ்வொரு எண்ணா சொல்றேன், நீங்க அடிங்க.”

ஒவ்வொரு எண்ணுக்கும் மனிதர் ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். நடுவில், “மெதுவாச் சொல்லும்மா, அவசரமா?” என்றார். அப்புறம், “தொண்டை கட்டின மாதிரி இருக்கே. ஏ.சி.க்கு நேர் கீழ உக்கார வைக்கறாங்களா?” என்றார். முக்கால்வாசி அடித்து முடித்ததும், “ஐயையோ, எல்லாத்தையும் அழிச்சுட்டேன் போலிருக்கே” என்றார்.

அவள் முகம் சுளிக்கவில்லை. “முதல்லேர்ந்து வருவோங்க ஐயா” என்று மறுபடி ஆரம்பித்தாள். ஊரையே கண்ணிமைக்கிற நேரத்தில் எழுப்பியவள், ஒற்றைப் பெட்டிக்காக உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல உட்கார்ந்திருந்தாள். ஸ்கிரிப்டைவிட இந்தப் பொறுமைதான் மேலாளரை அசர வைத்தது.

ஒருவழியாகப் புள்ளி பச்சையானது.

“வந்துடுச்சுங்க ஐயா.”

“ம்” என்றார் அவர். உடனே வைத்துவிடவில்லை. “சரி, அடுத்த வாரம் மறுபடி நின்னா கூப்பிடுவீங்கல்ல?”

“கண்டிப்பா கூப்பிடுவேங்க.”

மேலாளர் ஹெட்போனைக் கழற்றினார். “அடுத்த வாரமா? அப்ப இது வழக்கமா நடக்கறதா?”

“ஆமா சார், வாரா வாரம்.”

“அந்த ஆள் வேணும்னே ஊசியை விட்டுக் குத்தறார்ங்க! உங்களுக்குப் புரியலையா?”

“நல்லாவே புரியுது சார்.”

“பின்ன ஏன் பொறுத்துப் போறீங்க? யாருங்க அவர்?”

அவள் அந்தப் பச்சைப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்கப்பா சார். அவர் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு, செத்தாலும் பெத்த பொண்ணோட பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கார். இன்டர்நெட் ஆபீஸோட பேசமாட்டேன்னு பண்ணலையே!”