முதல் தேறும் மாதம்

வாடகைத் தொழில் தொடங்க அடகு வைத்த சங்கிலி எப்போது திரும்பும் என்பதுதான் புவனேஸ்வரியின் கவலை. கீரனூர் வீட்டில் அவள் கணவன் வசந்த் லேப்டாப்பில் எக்செல்லைத் திறந்து வைத்திருந்தான்.

"எத்தனை வாடகை போனா போட்ட முதல் தேறும்ங்க?"

"கரண்டு, வேன் கூலி கழிச்சு மிஞ்சுறதால முதலை வகுத்தேன். நாப்பது வருது. பங்காளி வீட்டுக்குச் சும்மா குடுத்ததைச் சேக்கல."

"அப்ப சித்திரை ஆயிருமா?"

"இந்த மாசமே தேறிரும் புவனா. மார்கழிக் குளிருல்ல."

முகம் மலர்ந்து எட்டிப் பார்த்தாள். பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டிக்கு முப்பத்தொன்பது வாடகை வந்திருந்தது. நாற்பதாவது வரியில், திருமயத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் அப்பாவின் பெயர் இருந்தது.

"எங்கப்பா உசுரோடதாங்க இருக்காரு."

"டாக்டர்தான் பொங்கலைத் தாண்டாதுன்னுட்டாரே. ஒங்க வீடு நமக்குப் பங்காளி இல்லைல்ல, ஒங்கண்ணன்கிட்ட வாடகை வாங்கலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அழுவுற? மாமனாராச்சேன்னு வேன் கூலியை நான் போடவே இல்ல."