வெற்றுச் சீட்டு

தோட்டத்து வாசலில் நாய் காவல் இருந்தது. 'கிணறு' என்று எழுதிய சீட்டைக் காட்டிய தவளை கிணற்றுக்குப் போனது. 'பூ' என்ற சீட்டோடு தேனீ பறந்தது.

பசியோடு வந்த அணில் வெற்றுச் சீட்டை நீட்டியது. "எல்லாச் சீட்டும் இந்த மாதிரி வெறும் சீட்டுல எழுதினதுதானே, அண்ணே? அப்போ இதை வெச்சு எங்கே வேணும்னாலும் போகலாமே!"

"எங்கேயும் போக முடியாது. வேண்டியதை எழுதிட்டு வா. ஒண்ணுதான் எழுதலாம்" என்றது நாய்.

'கொய்யா' என்று எழுதப் போன அணிலுக்கு மாம்பழம் மணந்தது. பலாவும் இருக்குமோ? யோசித்து யோசித்துப் பொழுது சாய்ந்தது, வயிறு ஒட்டிப்போனது.

"உள்ளே என்னதான் இருக்கு, அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? என் சீட்டுல 'வாசல்'னுதானே எழுதியிருக்கு."

அணில் சட்டென்று 'கொய்யா' என்று எழுதி நீட்டியது. "உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?"

"இனிக்குமா?" என்று கேட்டது நாய்.